மூன்றாம் எண் பொய் சொல்கிறது

ஜூன் 4, செவ்வாய்

ஆய்வகக் குறிப்பேட்டில் “எரிச்சலாக இருக்கிறது” என்று எழுதியிருந்த இடத்தை என் ஆய்வு வழிகாட்டி மேடம் இன்று சிவப்பு மையால் அடித்துவிட்டார். அங்கே எண்கள் மட்டும்தான் இருக்க வேண்டுமாம். எண்ணில் அடங்காததை எங்கே வைப்பது என்று கேட்டேன். “வீட்ல வை, தாரணி” என்றார். ஆகவே இந்த டைரி. கல்யாணத்துக்கு ஒரு உரக்கடைக்காரர் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் யூரியா விளம்பரம் இருக்கிறது.

ஐந்து வருடமாக என்ன செய்கிறாய் என்று கேட்பவர்களுக்கு ஒரே மூச்சில் சொல்ல வரவில்லை. இங்கே எழுதிப் பழகுகிறேன். உடம்பில் கிருமியோ காயமோ வந்தால் முதலில் ஓடிப்போய் நிற்கும் வெள்ளணுவுக்கு நியூட்ரோஃபில் என்று பெயர். அதன் மேல்தோல் முழுக்கச் சர்க்கரைச் சங்கிலிகள் முடி மாதிரி முளைத்திருக்கும். காலெக்டின்-3 என்று ஒரு புரதம் இருக்கிறது. சர்க்கரையைப் பிடிப்பதுதான் அதன் வேலை. அழற்சி உள்ள இடத்தில் அது நிறையச் சுரக்கும். அது போய் அணுவின் சர்க்கரையைப் பிடித்தால் அணு உசுப்பேறி நஞ்சைக் கக்கும். கிருமி சாகும். பக்கத்துத் தசையும் கொஞ்சம் வேகும்.

ஆனால் நல்ல ஆரோக்கியமான ஆளின் ரத்தத்திலிருந்து எடுத்த அணு இந்தப் புரதத்தைச் சட்டையே செய்யாது. ஏற்கெனவே எங்கோ வம்பை மோப்பம் பிடித்த அணுதான் எழுந்திருக்கும். முதல் அணுவுக்கும் இரண்டாவது அணுவுக்கும் என்ன வித்தியாசம்? அதுதான் என் ஐந்து வருடம்.

ஆய்வேட்டின் கடைசி வரைபடத்துக்கு ஆரோக்கியமான ஆறு பேரின் ரத்தம் வேண்டும். நான்கு பேர்தான் இருக்கிறார்கள். ஆகஸ்டில் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு காலாவதி.

இதைத் தோழியிடம் ஃபோனில் புலம்பிக்கொண்டிருந்தபோது நவநீதன் கேட்டிருக்கிறார். நவநீதன் என் கணவர். மார்ச்சில் கல்யாணம். பம்ப்செட் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருக்கிறார். இன்னும் என்னை “நீங்க” என்றுதான் சொல்கிறார். நானும் அப்படியே. மரியாதையான இரண்டு வாடகைக்காரர்கள் ஒரே வீட்டில் இருப்பது போல.

“என்ற ரத்தம் ஆகுங்களா?” என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டே.

ஊசி என்றால் பயமில்லையா என்று கேட்டேன். இல்லை என்றார். பொய். காது சிவந்திருந்தது.

ஜூன் 6, வியாழன்

மேடம் ஒப்புக்கொண்டார். ஒரு நிபந்தனை. எந்தக் குழாய் யாருடையது என்று எனக்குத் தெரியக் கூடாது. நமக்கு வேண்டியவர் என்றால் நம் கண் வேண்டியதைத்தான் பார்க்கும் என்றார். வளாக சுகாதார நிலையத்து எமிலி சிஸ்டர்தான் ரத்தம் எடுப்பார். முதலில் ஒரு தடவை ஐந்து பேருக்கும் எண்களைக் கலைத்துப் போட்டு, பிறகு வாராவாரம் அவரவர் குழாயில் அதே எண்ணை ஒட்டி அனுப்புவார். வாராவாரம் ஒவ்வொருவரிடமும் கேட்பார்: காய்ச்சல் உண்டா, புண் உண்டா, வலி மாத்திரை ஏதாவது போட்டீர்களா. ஒன்றுக்காவது ஆம் என்றால் ஆள் நீக்கம்.

இதை நவநீதனிடம் விளக்கினேன். பரீட்சைக்குப் படிப்பவர் மாதிரித் தலையாட்டினார்.

ஜூன் 11, செவ்வாய்

ஐந்து குழாய்கள். தனிப் புரதத்தைக் கொடுத்தால் ஐந்தும் தூக்கம். உசுப்பும் மருந்தை முதலில் கொடுத்துவிட்டுப் புரதத்தைக் கொடுத்தால் ஐந்தும் கருவியில் விளக்குப் போட்ட மாதிரி மின்னின. புத்தகத்தில் உள்ளபடி.

எமிலி சிஸ்டர் சொன்னார்: “உங்க வீட்டுக்காரர் ஊசி போடறப்போ மேல ஃபேனைப் பார்த்துக்கிட்டு, அதுல பேரிங் போயிடுச்சு, மாத்தச் சொல்லுங்கன்னார்.”

திரும்பும்போது ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, உசுப்பாமல் புரதத்தைக் கொடுத்தால் ஏன் அணு எழுவதில்லை என்று நவநீதனுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். லாலி ரோடு சிக்னலில் திரும்பிப் பார்த்தார்.

“இது பிரைமிங் தானுங்க? பம்ப்புக்குள்ள முதல்ல தண்ணி ஊத்திக் காத்தை வெளியேத்தோணும். இல்லாட்டி மோட்டார் எவ்வளவு சுத்துனாலும் தண்ணி ஏறாது.”

எங்கள் துறையிலும் அதற்குப் பெயர் பிரைமிங் தான். ஐந்து வருடத்தில் இதை ஒரே தடவையில் புரிந்துகொண்ட முதல் ஆள் இவர். சிக்னல் பச்சை விழுந்து பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள்.

சும்மா ஒரு தகவலாகத்தான் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 13, வியாழன்

விபரீதம். அத்தை (மாமியார், பெயர் மரகதம், எங்களோடுதான் இருக்கிறார்) பாகற்காய் அரிந்துகொண்டே கேட்டார்.

“ஏன் அம்மிணி, வாரா வாரம் என்ற பையன் ரத்தத்தை எடுக்கப்போறயாமே, அதுல அப்படி என்னத்தத் தேடறே?”

நான் எளிமையாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதுதான் தப்பு. “ரத்தத்துல வெள்ளணு இருக்குதுங்கத்தை. அதும்மேல சர்க்கரை ஒட்டியிருக்கும். அந்தச் சர்க்கரையை ஒரு புரதம் புடிச்சுக்கும்…”

அரிவாள்மணை நின்றுவிட்டது. “நவநீதன் ரத்தத்துல சர்க்கரையா?”

“அந்தச் சர்க்கரை இல்லீங்கத்தை. எல்லாத்துக்கும் இருக்கும்.”

“எல்லாத்துக்கும் இருந்தா எல்லாத்துக்கும் வந்துருமா? அவங்கப்பனுக்கு நாப்பதுலதான் வந்துச்சு. இவனுக்கு முப்பத்தொண்ணுலயேவா? அட சாமி!”

அடுத்த அரை மணி நேரத்தில் பொள்ளாச்சி, ஈரோடு, திருப்பூர் மூன்று ஊர் சொந்தபந்தம், ஒறம்பரை அத்தனைக்கும் செய்தி போய்விட்டது.

ஜூன் 14, வெள்ளி

காபியில் சர்க்கரை ரத்து. எனக்கும் சேர்த்து.

ஜூன் 18, செவ்வாய்

மூன்றாம் எண் குழாய்க்குத் திரையில் கோடு சின்னதாக ஒரு மேடு காட்டியது. தனிப் புரதத்துக்கே, உசுப்பும் மருந்து இல்லாமலே. நான்தான் பைபெட்டை மாற்றி வைத்திருப்பேன். காலையில் அரைத் தூக்கத்தில் இருந்தேன்.

அத்தை நவநீதனுக்குக் காலையும் இரவும் வெந்தயக் களி கிண்டிப் போடுகிறார். அவர் மறு பேச்சில்லாமல் சாப்பிடுகிறார். பக்கத்தில் முறுகலாகத் தோசை இருந்தது. அதைத் தொடவில்லை. என்ன பொறுமை! அம்மா மனம் நோகக் கூடாது என்று களியை இப்படி விழுங்கும் பிள்ளையை நான் பார்த்ததில்லை.

ஜூன் 25, செவ்வாய்

பைபெட் தவறு இல்லை. மூன்றாம் எண் மறுபடி எழுந்தது. போன வாரத்தைவிட உயரமாக.

புரதத்தில் பாக்டீரியா அழுக்குக் கலந்திருந்தால் எல்லாக் குழாயும் எழும்பியிருக்கும். மற்ற நான்கும் தூங்கின. குழாய்களை மாற்றினேன், திரவங்களைப் புதிதாகத் தயாரித்தேன், சுழற்றும் இயந்திரத்தின் வேகத்தைச் சரிபார்த்தேன். பிறகு பால் சர்க்கரையைச் சேர்த்துப் பார்த்தேன். பால் சர்க்கரை இருந்தால் புரதம் அதைப் பிடித்துக்கொண்டு அணுவை விட்டுவிடும். சேர்த்ததும் மேடு படுத்துவிட்டது. ஆகவே இது நிஜம். என் புரதம்தான், அதன் சர்க்கரைப் பிடிதான்.

அப்படியென்றால் தவறு என்னிடம் இல்லை. மூன்றாம் எண்ணின் அணுக்கள் உடம்பை விட்டு வரும்போதே விழித்துக்கொண்டு வருகின்றன. அந்த ஆளுக்கு எங்கோ ஒரு மூலையில் அழற்சி இருக்கிறது. கேட்டால் இல்லை என்கிறார்.

நவநீதன் இளைத்திருக்கிறார். அத்தைக்கு அதுவும் சாட்சி. “பார்த்தியா, சர்க்கரை ஆளை உருக்குது.”

ஜூன் 27, வியாழன்

மேடம் மூன்றாம் எண்ணை அடித்துவிடச் சொன்னார். “ஒரு ஆள் பொருந்தலைன்னா நீக்கிட்டுப் போ.” இன்னும் ஒரு வாரம் பார்க்கிறேன் என்று கெஞ்சினேன். எமிலி சிஸ்டரிடம் மூன்றாம் எண்ணை நன்றாக விசாரிக்கச் சொன்னேன்.

சிஸ்டர் ஃபோனில் கேட்டுவிட்டு வந்து உதட்டைப் பிதுக்கினார். “நல்லாத்தான் இருக்கேன்னு சொல்றார். ஆனா சொல்ற விதம் சரியில்லை. யாருன்னு நான் சொல்லக் கூடாது. உங்க மேடம் என்னைக் கொன்னுடுவாங்க.”

வீட்டுக்கு வந்ததும் நவநீதனிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் மொட்டை மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

“அஞ்சு வருஷ வேலைங்க. எவனோ ஒருத்தன் உடம்புல ஒரு கோளாறை வெச்சுக்கிட்டு, இல்லை இல்லைன்னு பொய் சொல்லி என் வரைபடத்தைக் கெடுக்கறான்.”

“பாவம், அவருக்கு என்ன கஷ்டமோ” என்றார்.

“என்ன கஷ்டம்? வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே!”

அவருக்குப் புரையேறியது. மடித்த துணியை உதறி மறுபடி மடித்தார். “அவரை நீக்கிப்போட்டா உங்களுக்கு ஆகஸ்ட்ல குடுக்க முடியுங்களா?”

“நாலு பேரை வெச்சு முடியாது. ஒரு ஆளைத் தேடியே நான் செத்துட்டிருக்கேன். ரெண்டு ஆளுக்கு எங்க போவேன்?”

கடைசித் துணியையும் மடித்து வைத்தார். பிறகு, “நீக்காதீங்க. அவரு சரியாயிருவாரு” என்றார். முன்பின் தெரியாத ஆளுக்கு இவ்வளவு பரிந்து பேசுகிறார். எல்லோரிடமும் இப்படித்தான். இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு கம்பெனியில் எப்படிக் காலம் தள்ளுகிறாரோ.

அந்த மூன்றாம் எண் மட்டும் என் கையில் கிடைக்கட்டும்.

ஜூலை 2, செவ்வாய்

மூன்றாம் எண் இன்று உசுப்பிய குழாய் அளவுக்கு எழுந்தது. கருவியின் திரையில் அந்தக் கோடு ஏறுவதைப் பார்க்க அழகாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. யாராக இருந்தாலும் அந்த ஆளுக்கு உள்ளே நிலைமை நல்லதாக இல்லை. கோபமெல்லாம் போய்விட்டது. மேடத்திடம் போய், “ஆய்வை விடுங்க மேடம், அவரை டாக்டரிடம் போகச் சொல்லணும்” என்றேன். மேடம் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சிஸ்டருக்கு ஃபோன் செய்தார். நாளைக்கே ஆளைக் கூப்பிட்டு டாக்டரிடம் எழுதிக் கொடுத்து அனுப்புவதாகச் சிஸ்டர் சொன்னார்.

வீட்டில் கிராம்பு தீர்ந்துவிட்டது. போன மாதம்தான் கால் கிலோ வாங்கினோம். அத்தை எலியைச் சந்தேகப்படுகிறார். கிராம்பு தின்னும் எலி.

ஜூலை 4, வியாழன்

மூன்றாம் எண்ணுக்குச் சிஸ்டர் சொல்லிவிட்டாராம். ஞாயிறு கழிந்து போகிறேன் என்றாராம். இதில் எதற்கு நாள் பார்ப்பது?

நவநீதன் இன்று சீக்கிரம் படுத்துவிட்டார். கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி. போர்வையைச் சரிசெய்தேன். எல்லோரும் செய்வதுதான்.

ஜூலை 7, ஞாயிறு

இதை மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே நல்ல வெயில். நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலையில் அத்தை நவநீதனை வலுக்கட்டாயமாக ரத்தப் பரிசோதனைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டு ஒன்று. மதியம் முடிவு வந்தது. சர்க்கரை இல்லை. இருப்பதற்கான அறிகுறியே இல்லை. அத்தை சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, அந்த வேகத்திலேயே கறிக் குழம்பு வைத்து, எலும்போடு பெரிய துண்டாகப் பார்த்து அவர் தட்டில் போட்டார்.

“சாப்புடு சாமி. இனிக் களி வேண்டாம்.”

“களியே இருக்கட்டும்மா” என்றார் அவர்.

நான் சோறு பிசைவதை நிறுத்தினேன். சர்க்கரைக்காகக் களி தின்றார் என்றால் சரி. சர்க்கரை இல்லை என்று தெரிந்த பிறகும், எதிரே கறிக் குழம்பு இருக்கும்போதும், ஒரு மனிதர் வெந்தயக் களி கேட்கிறார் என்றால் அதற்கு வேறு காரணம் இருக்கிறது. களி, இளைப்பு, கிராம்பு, கன்னத்தில் வைத்த கை. மூன்று வாரமாக இதையெல்லாம் நானே என் கையால் இந்த டைரியில் எழுதிக்கொண்டு, கருவியின் முன் உட்கார்ந்து எவனோ ஒருவனைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எழுந்து போய் அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினேன். இடது தாடைக்குக் கீழே வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது. தொட்டால் சுட்டது.

“வாயைத் திற!” என்று கத்திவிட்டேன்.

அத்தையின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. நான் அவரை “நீ” என்றதற்கா, வீக்கத்தைப் பார்த்ததற்கா, தெரியவில்லை.

அவர் திறந்தார். ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் வாய் திறந்தது. அதற்கு மேல் வரவில்லை.

“மூணாம் நம்பர்” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார்.

தெர்மாமீட்டர் நூற்றிரண்டு காட்டியது. தண்ணீர் கொடுத்தால் விழுங்கச் சிரமப்பட்டார். அதைப் பார்த்ததும் டம்ளரைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். தாடையில் இருக்கும் சீழ் கழுத்துக்கு இறங்கினால் மூச்சுக்குழாயை அடைத்துவிடும் என்று நான் படித்திருக்கிறேன். படித்தது எதற்கு உதவியது? ஆட்டோ கூப்பிட்டவர் அத்தைதான்.

பணியில் இருந்த பல் டாக்டர் சின்னப் பெண். ஃபிர்தௌஸ் என்று பெயர். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு முகம் மாறாமல் பேசினார். அந்த மாறாத முகம்தான் பயமுறுத்தியது.

“கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு அடியில கட்டி. எத்தனை நாளா?”

“மூணு வாரத்துக்கு மேல இருக்குங்க” என்று பல்லிடுக்கில் சொன்னார்.

“வலி உயிர் போயிருக்குமே! என்ன மாத்திரை போட்டீங்க?”

“போடலீங்க.”

“ஒண்ணுகூடவா?”

அவர் டாக்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். “ரத்தம் குடுக்கறவங்க வலி மாத்திரை போடக் கூடாதுன்னு சொன்னாங்க. போட்டா இவங்க கணக்கு கெட்டுப்போகும். கிராம்பு மட்டும்தானுங்க.”

டாக்டர் ஃபிர்தௌஸ் என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையை நான் ஆய்வேட்டின் முன்னுரையில் சேர்க்கப்போவதில்லை.

“எனக்காகவா இப்படிப் பண்ணே?” என்று கேட்டேன். ‘நீ’ திரும்பிப் போக மறுத்துவிட்டது.

“பாதி உங்களுக்காக” என்றார். “பாதி, அந்த டிரில் சத்தத்துக்குப் பயந்துங்க.” பக்கத்து அறையில் ஓடிக்கொண்டிருந்ததைக் கையால் காட்டினார். “கேளுங்க. அதுலயும் பேரிங் தேஞ்சிருக்குது.”

சிரிப்பு வந்தது. அப்படியே அழுகையாகிவிட்டது. அத்தை என் தலையைப் பிடித்து இடுப்போடு சாய்த்துக்கொண்டார். “அழுவாத கண்ணு. அவன் சின்னதுலயே இப்படித்தான். கால்ல முள்ளுக் குத்துனா முள்ளுக்கு வலிக்குமேன்னு யோசிக்கறவன்.”

உள்ளே கூட்டிப்போய் நேரமாகிறது. கதவையே பார்த்துக்கொண்டு எழுதுவதால் வரி கோணலாகப் போகிறது.

அதே நாள், பிறகு

பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்றிவிட்டார்கள். மூச்சு சீராக இருக்கிறது. நான்கைந்து நாள் ஊசி மருந்து, பிறகு வீடு. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் கழுத்தில் கீறியிருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

தட்டில் இருந்த பஞ்சைப் பார்த்தேன். மஞ்சளாக, கனமாக. அதில் இருப்பது பெரும்பாலும் செத்த நியூட்ரோஃபில்கள். எழுந்து ஓடி, சண்டை போட்டு, அங்கேயே விழுந்தவை. ஐந்து வருடமாகக் குழாயில் பார்த்ததை முதல் தடவையாக நேரில் பார்க்கிறேன்.

“டாக்டர், அந்தச் சீழ் கொஞ்சம் கிடைக்குமா?” என்று என் வாய் கேட்டுவிட்டது.

“ஐயோ தாரணி!” என்று அத்தை முந்தானையால் வாயை மூடினார். “புருசன் இங்க படுத்திருக்கான். இவ சீழைப் பொட்டலம் கட்டிக் கேக்கறா!”

டாக்டர் சிரித்து, அனுமதிக் கடிதமில்லாமல் ஒரு சொட்டுத் தர மாட்டேன் என்றார். சரியான பதில். கட்டிலில் இருந்தவர் பஞ்சு அடைத்த வாயோடு கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அவருக்குச் சம்மதமாம்.

ஜூலை 9, செவ்வாய்

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டு விழும் என்று நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டார்.

“மூணாம் நம்பரை அடிச்சிடச் சொன்னேன் உன்கிட்ட.”

“ஆமா மேடம்.”

“அடிச்சிருந்தா சிஸ்டருக்கு ஃபோனும் போயிருக்காது, நீயும் கவனிச்சிருக்க மாட்டே.” மேசையில் இருந்த குறிப்பேட்டை மூடினார். “இப்ப யாருன்னு உனக்குத் தெரிஞ்சுபோச்சு. இனிமே அவர் கொடையாளி இல்லை. உன் வீட்டுக்காரர். ஒரு வாரம் இந்தப் பக்கம் வராதே.”

ஆகஸ்ட் என்ன ஆகும் என்று கேட்டேன். ஆகஸ்ட் ஆகஸ்டில் வரும் என்றார்.

ஆய்வேட்டில் ஒரு அடிக்குறிப்பு போட வேண்டுமாம்: ‘கொடையாளி ஒருவர், தெரிவிக்கப்படாத பல் அழற்சி காரணமாக நீக்கப்பட்டார்.’ ஊரில் மற்றவர்கள் ஆய்வேட்டைக் கணவருக்குச் சமர்ப்பணம் செய்வார்கள். நான் அவரை அடிக்குறிப்பில் போடுகிறேன்.

ஜூலை 12, வெள்ளி

வீடு. தயிர் சாதம் மசித்துக் கொடுத்தேன். “சண்டை போடணும்னா போட்டுருங்க, காத்திருக்கறதுதான் கஷ்டம்” என்றார். போட்டேன். ஒரு மணி நேரம். இனி எது வலித்தாலும் முதலில் எனக்குத் தெரிய வேண்டும் என்று சொன்னேன். இந்த வீட்டில் உன் உடம்பைவிட என் வரைபடம் பெரிதா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் சரி என்றார்.

கடைசியில், “அந்தக் கோடு எவ்வளவு உயரம் போச்சுங்க?” என்று மெதுவாகக் கேட்டார்.

காட்டினேன். நெஞ்சு நிமிர்த்திப் பார்த்தார். வெட்கங்கெட்ட மனிதர்.

ஜூலை 20, சனி

ஊர் முழுக்கக் கேட்டாயிற்று. ஒருவரும் வர மாட்டேன் என்கிறார்கள். இரண்டு ஆள் வேண்டும். இரவல் கேட்கிற பொருளா ரத்தம்?

ஜூலை 30, செவ்வாய்

மருந்து முடிந்து இரண்டு வாரம். ஆய்வுக்கு இல்லை, கணக்கில் சேராது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மேடத்தின் அனுமதியோடும் நவநீதன் சம்மதத்தோடும் அவரிடமிருந்து ஒரே ஒரு குழாய். எண் ஒட்டவில்லை. யாருடையது என்று எனக்குத் தெரியும்.

அணுக்களைப் பிரித்தேன். கருவியில் வைத்தேன். புரதத்தைச் சேர்த்தேன். திரையில் கோடு கிடந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், பத்து நிமிடம். ஏறவில்லை. அசையவே இல்லை. மாட்டுப்பொங்கலன்று மதியம் ரேஸ்கோர்ஸ் ரோடு கிடப்பது மாதிரி வெறிச்சோடிக் கிடந்தது. என் புரதம் அவர் அணுக்களின் சர்க்கரையையெல்லாம் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கும். அவை புரண்டுகூடப் படுக்கவில்லை.

மேடம் பின்னால் வந்து நின்றார். “ஒண்ணுமே நடக்கலையே. எதுக்குச் சிரிக்கறே?”

“ஒண்ணுமே நடக்கலை மேடம்” என்றேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு விடுமுறை என்று தூங்கிக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு எமிலி சிஸ்டரிடமிருந்து ஃபோன்.

“தாரணி, உடனே வாங்க. உங்க மாமியார் இங்க எட்டுப் பேரோட வந்து உக்காந்திருக்காங்க. போகச் சொன்னா போக மாட்டேங்கறாங்க.”

போய்ப் பார்த்தால், சுகாதார நிலையத்தின் பெஞ்சு முழுக்க ஒரே பச்சைப் புடவை. அத்தை ஒரு மாதமாக வள்ளி கும்மி, எங்கள் பக்கத்துக் குழு ஆட்டம், பழகப் போய்வருகிறார். காலைப் பயிற்சி முடிந்ததும் மொத்தக் குழுவையும், காலில் சலங்கையோடு, அப்படியே ஒரு வேனில் ஏற்றிவிட்டார். ஓட்டி வந்தவர் யார் என்று கேட்கவில்லை. வெளியே வேப்ப மரத்தடியில் வேனில் சாய்ந்துகொண்டு நவநீதன் நின்றிருந்தார். இனிமேல் கொடையாளி இல்லை என்று மேடம் சொல்லிவிட்டதால் உள்ளே வரவில்லையாம்.

அத்தை எழுந்து நின்று விசாரணை நடத்திக்கொண்டிருந்தார். எமிலி சிஸ்டர் ஓரமாக ஒதுங்கி, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“பல்லு வலி, காது வலி, குதிகால் வெடிப்பு, எதுன்னாலும் இப்பவே சொல்லிப்போடுங்க. மறைக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க. இவ மிஷின்ல வெச்சா எல்லாந் தெரிஞ்சுபோகும். என்ற பையனையே புடிச்சுப்போட்டா.”

“எப்படிங் மரகதக்கா தெரியும்?” என்று ஒரு பெண் கேட்டாள்.

அத்தை தொண்டையைச் சரிசெய்துகொண்டார். “நம்ம ரத்தத்துல வெள்ளணுன்னு ஒண்ணு இருக்குது. அதும்மேல சர்க்கரை ஒட்டியிருக்கும். பயப்படாதீங்க, அந்தச் சர்க்கரை இல்லை. எல்லாத்துக்கும் இருக்கும். அதை ஒரு புரதம் வந்து புடிச்சு உலுக்கும். உடம்பு நல்லா இருந்தா அது பாட்டுக்குத் தூங்கும். எங்கயாச்சும் சீக்கு இருந்தா எந்திரிச்சு உக்காந்துக்கும். அவ்வளவுதான்.”

நான் வாசலில் நின்றுவிட்டேன். ஐந்து வருடம் எனக்கு ஒரே மூச்சில் சொல்ல வராதது.

எமிலி சிஸ்டர் ஒவ்வொருவராகக் கேட்டார். மூன்று பேருக்குப் பிரஷர் மாத்திரை. ஒருவருக்குத் தைராய்டு. ஒருவருக்கு முட்டி வீக்கம். சலங்கை கட்டி ஆடுகிறாரே என்றால், ஆடும்போது வலி தெரியாதாம். ஒருவர் ஊசியைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டார். மிச்சம், பேக்கரி வைத்திருக்கும் ஒருத்தி, ஆட்டோ ஓட்டும் ஒருத்தி. இருவரும் ஜாக்கெட் கையை முழங்கைக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு சிரித்தார்கள்.

“எட்டுல ரெண்டுதான் தேறுச்சா?” என்று அத்தை முகம் சுருங்கினார். “இன்னொரு குழு கணபதி ஏரியாவுல இருக்குது. கூட்டியாரட்டுமா?”

ரெண்டு போதுங்கத்தை என்றேன்.